மீற்றருக்கு இந்தப் பக்கம்

(புத்தளம் மாவட்டம், ஆலங்குடாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்றைய பேச்சுக்குத் தலைப்புத் தந்தவர் இந்த ஊர்த் தம்பி ஒருவர். சில வாரங்களுக்கு முன் வழியில் நிறுத்திக் கேட்டார்: “சேர், தோணி எஞ்சினை நானே கழற்றிப் பூட்டுறேன். வெங்காயத் தோட்டத்து மோட்டர் நின்றால் நானே பார்த்துக்கொள்றேன். வீட்டுச் சுவரையும் நானே எழுப்பினேன். அதே வீட்டுக்கு நானே வயரிங் செய்தால் அது குற்றமா?”

அந்த இடத்தில் நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு சொல்லில் ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அது அவருக்கு நான் செய்யும் அநியாயம். அவர் கேட்டதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சட்டம் என்ன சொல்கிறது? நியாயம் என்ன சொல்கிறது? கரண்ட் என்ன சொல்கிறது? மூன்றையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அதற்குமுன், கரண்ட் நம் வீட்டுக்கு வரும் வழியைப் பார்ப்போம். நம் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் நுரைச்சோலை லக்விஜய மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. முதல் அலகு 2011இல் ஓடத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளும் நிறைவடைந்தன. ஒவ்வொன்றும் 300 மெகாவாட், மொத்தம் 900 மெகாவாட். நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் நம் பக்கத்து ஊரில் இருக்கிறது. அங்கே பிறக்கும் மின்சாரம் 220,000 வோல்ட் அழுத்தத்தில் கோபுரம் கோபுரமாக ஏறி நாடு முழுவதும் போகிறது. அந்தப் பயணத்தின் ஒவ்வோர் அடிக்கும் பொறியியலாளர் இருக்கிறார், பாதுகாப்புக் கருவி இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. மின்மாற்றியில் இறங்கி, கம்பத்திலிருந்து சேவிஸ் வயர் வழியாக வந்து, உங்கள் வீட்டு மீற்றரில் 230 வோல்ட்டாக நிற்கும்வரை அதைக் கவனிக்க ஆள் உண்டு. மீற்றரைத் தாண்டியதும் அந்தக் கவனிப்பு முடிகிறது. மீற்றரும் அதற்கு அந்தப் பக்கமும் மின் வழங்குநரின் சொத்து. மீற்றருக்கு இந்தப் பக்கம் உங்கள் சொத்து, உங்கள் பொறுப்பு. மக்கள் கரண்ட் அடித்துச் சாகும் இடங்களில் பல இந்தக் கடைசிச் சில யார் தூரத்துக்குள்தான் இருக்கின்றன: குளியலறை, குசினி, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், தோட்டத்து மோட்டர் அறை.

என் வாப்பாவின் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சை மேலே கொண்டுபோக முடியாது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்ப் பக்கத்தவர்களில் பலர் கடல்வழியே கற்பிட்டியில் வந்திறங்கினார்கள். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. இந்த மணலில் கிடுகுக் குடிசை போட்டு இருந்தோம். அந்தக் காலத்தில் கரண்ட் இருந்த ஒரு வீட்டிலிருந்து நாலு குடிசைக்கு மெல்லிய வயர் போகும். வேலியில் கட்டி, பூவரச மரத்தில் சுற்றி, கிடுகுக்கு மேலே கிடந்து போகும். அது ஆபத்து என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளை படிக்க ஒரு விளக்கு வேண்டும் என்பது அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அப்படிக் கரண்ட் கொடுத்த வீட்டுக்காரரை இன்றும் என் உம்மா துஆவில் நினைப்பார்.

பிறகு கல்வீடு கட்டினோம். வயரிங் பாஸுக்குக் கொடுக்கக் காசில்லை. வாப்பாவே செய்தார். கையால் வேலை செய்யத் தெரிந்த மனிதர். பைப்பை நேராகப் பதித்தார், இணைப்புகளை இறுக்கினார், பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிந்தது, நிறுத்தினால் அணைந்தது. இரண்டு வருடம் அந்த வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு மாரிகாலத்து மஃரிப் நேரம் பல்ப் போய்விட்டது. உம்மா சுவிட்சை நிறுத்திவிட்டு, நனைந்த தரையில் நின்றபடி பல்பைக் கழற்றப் போனார். கரண்ட் அடித்துத் தூக்கியெறிந்தது. அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார். மறுநாள் ஒரு வயரிங் பாஸை அழைத்துவந்து பார்த்தோம். வாப்பா உயிர்க்கம்பியை நேரே ஹோல்டருக்குக் கொண்டுபோய், நியூட்ரல் கம்பியைச் சுவிட்சில் வெட்டியிருந்தார். அப்படிச் செய்தாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைந்த பிறகும் ஹோல்டருக்குள் 230 வோல்ட் நிற்கும். சுவிட்ச் உயிர்க்கம்பியை வெட்ட வேண்டும் என்ற ஒரு விதி அவருக்குத் தெரியாமல் போயிற்று. வீட்டிலுள்ள எந்த விளக்கும் அதை அவருக்குச் சொல்லவில்லை.

நான் பிற்காலத்தில் மின்வேலை படித்ததற்கும், பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்ததற்கும் அந்த இரவுதான் காரணம். படகு ஓட்டை என்றால் தண்ணீர் வரும், கண்ணுக்குத் தெரியும். சுவர் சரிந்தால் வெடிப்பு விழும். எஞ்சின் பிழை என்றால் சத்தம் மாறும். வயரிங் பிழையாக இருந்தும் எல்லாம் சரியாக இயங்குவதுபோல் பல வருடம் இருக்கும். தோணி எஞ்சினோடு வயரிங்கை ஒப்பிட்ட தம்பிக்கு என் முதல் பதில் இது. வேலை செய்கிறது என்பது பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். உலகம் இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. அருகருகே இருக்கும் இரண்டு நாடுகளே எதிரெதிராகச் சொல்லியிருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் உரிமம் பெறாத ஒருவர் தன் சொந்த வீட்டிலும் நிலையான வயரிங்கைத் தொட முடியாது. தொட்டால் குற்றம். கடலுக்கு அப்பால் நியூசிலாந்தில், 1992ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வீட்டுக்காரருக்கு வெளிப்படையாக ஓர் உரிமையைத் தருகிறது. தான் குடியிருக்கும் வீட்டிலோ நெருங்கிய உறவினர் வீட்டிலோ, கூலி வாங்காமல், விதிக்கோவையின்படி வயரிங் செய்யலாம். அந்த உரிமையோடு ஒரு கடமையும் கட்டப்பட்டிருக்கிறது. வேலை முடிந்ததும் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் வந்து பார்த்து, கருவி வைத்துச் சோதித்து, சரி என்று சொல்லும்வரை அதில் கரண்ட் ஏற்றக்கூடாது.

அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இதே போக்கு இருக்கிறது. வீட்டுக்காரர் தம் பெயரில் அனுமதிச்சீட்டு எடுத்து வேலை செய்யலாம். சுவரை மூடுமுன் பரிசோதகர் பார்ப்பார், முடிந்தபின் மறுபடி பார்ப்பார்.

இங்கிலாந்தில் 2005 ஜனவரி வரை வீட்டு வயரிங்குக்குத் தனியான கட்டட விதி இருக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் மகள் தன் குசினியில் கரண்ட் அடித்து இறந்தார். சுவருக்குள் நேராகப் போக வேண்டிய வயர் குறுக்காகப் போயிருந்தது. பாத்திரம் மாட்டும் இரும்புத் தாங்கியைப் பொருத்த அடித்த திருகாணி அந்த வயரைத் தொட்டுவிட்டது. வயர் போட்டவர் ஒருவர், திருகாணி அடித்தவர் ஒருவர், இறந்தது இன்னொருவர். 2005இல் நடைமுறைக்கு வந்த விதி, வீட்டுக்காரரைத் தடைசெய்யவில்லை. பெரிய வேலை செய்வதாக இருந்தால் உள்ளூராட்சியின் கட்டடப் பிரிவுக்கு அறிவித்துப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்றது.

பாக்குநீரிணைக்கு அப்பால் இந்தியாவில் கோடு வேறிடத்தில் கீறப்பட்டிருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆவது விதியும், அதன் வழியில் மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் சொன்னது இதுதான். பல்ப், மின்விசிறி, பியூஸ், சுவிட்ச், சிறு வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றை மாற்றுவதை எவரும் செய்யலாம். அதற்கு மேற்பட்ட புதுவேலை, கூட்டல், மாற்றம், பழுதுபார்த்தல் எதுவானாலும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரும் தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையும் வேண்டும். தமிழ்நாட்டில் வயர்மேன் தகுதிச் சான்று கொடுப்பதற்கென்றே அரசின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது.

நம் நாட்டில் என்ன நிலை? மின்சார சபையை உருவாக்கியது 1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். துறையை ஒழுங்குபடுத்தியது 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். துறையையே மறுசீரமைக்க 2024இல் 36ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மேற்பார்வைக்கு 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இருக்கிறது. நியூசிலாந்தில் உள்ளதுபோல, வீட்டுக்காரர் இதைச் செய்யலாம், இன்ன நிபந்தனையோடு செய்யலாம் என்று தெளிவாக எழுதிய உரிமை நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது ஒரு வாசல். புதிய இணைப்புக் கேட்டு விண்ணப்பிக்கும்போது, வீட்டு வயரிங்கைச் சோதித்துப் பட்டயப் பொறியியலாளர் கையொப்பமிட்ட அறிக்கை கேட்கப்படுகிறது. அந்த வாசலைத் தாண்டிவிட்டால், பின்னால் ஓர் அறை கூட்டினாலும், கடை போட்டாலும், மோட்டர் வைத்தாலும் யாரும் வந்து பார்ப்பதில்லை.

அந்த ஒரு வாசலும் எப்படி இருக்கிறது? என் சொந்த வீட்டு அனுபவத்தைச் சொல்கிறேன். வீட்டைக் கட்டி முடித்து இணைப்புக்கு விண்ணப்பித்தபோது, சோதனை அறிக்கையை ஒருவர் மூலம் எடுத்துத் தந்தார்கள். எல்லாக் கட்டங்களிலும் எண்கள் இருந்தன. ஏர்த் தடை எத்தனை ஓம், வயர் காப்பு எத்தனை மெகா ஓம் என்று அழகாக நிரப்பியிருந்தது. என் வீட்டுக்குள் அதற்காக ஒருவரும் கால் வைக்கவில்லை. யாரையும் பழிசொல்ல இதைச் சொல்லவில்லை. கையொப்பம் வந்து ஆள் வராவிட்டால், சட்டம் தாளில் மட்டும் இருக்கிறது என்று சொல்வதற்காகச் சொல்கிறேன். நான் கருவி வைத்திருந்ததால் பிறகு நானே சோதித்தேன். கருவி இல்லாத வீட்டுக்காரர் அந்தத் தாளை நம்பியே பிள்ளைகளைத் தூங்க வைக்கிறார்.

இப்போது நியாயத்தின் பக்கம் வருவோம். தன் வீட்டைத் தன் கையால் கட்டிக்கொள்ளும் உரிமை சின்ன உரிமை அல்ல. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, இந்த மணலில் கையால் வாழ்வைத் திரும்பக் கட்டிய மக்களுக்கு அது உயிரோடு கலந்த உரிமை. ஏழை ஒருவர் கூலிக்குப் பயந்து தானே செய்கிறார் என்றால், தடைச்சட்டம் போட்டு அவரை நிறுத்திவிட முடியாது. இருட்டில் செய்வார், மறைத்துச் செய்வார், பிழை இருந்தால் யாரிடமும் கேட்கப் பயப்படுவார். வெறும் தடை ஆபத்தைக் குறைக்காது, ஒளித்துவைக்கும்.

அதே நேரம், என் வீடு, என் உயிர், என் விருப்பம் என்ற பேச்சும் கரண்ட் விஷயத்தில் நிற்காது. உங்கள் வயரிங்கில் கை வைப்பது நீங்கள் மட்டுமா? பேரப்பிள்ளை தொடும். வாடகைக்கு வருபவர் தொடுவார். நாளை வீட்டை வாங்குபவர் தொடுவார். கம்பத்தில் ஏறும் மின்சார சபை ஊழியரும் தொடுவார்.

கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அப்போது பலர் சிறு ஜெனரேட்டர் வாங்கினார்கள். சிலர் அதை இரண்டு பக்கமும் பிளக் போட்ட வயரால் சுவர் சொக்கெட்டில் செருகி வீடு முழுவதற்கும் கரண்ட் எடுத்தார்கள். மெயின் சுவிட்சை நிறுத்த மறந்தால், அந்தக் கரண்ட் சேவிஸ் வயர் வழியே பின்னோக்கிப் போய், மின்மாற்றியில் ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக லைனில் நிற்கும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கைவைக்கும் தொழிலாளி அங்கேயே சாவார். லைனையும் ஜெனரேட்டரையும் ஒருசேர இணையவிடாத ‘சேஞ்ச் ஓவர்’ சுவிட்ச் ஜெனரேட்டருக்குக் கட்டாயம் வேண்டும் என்பது இதனால்தான். வண்ணாத்திவில்லுப் பக்கம் காட்டுப்பன்றிக்கு என்று நேரடிக் கரண்ட் கம்பி கட்டுகிறவர்களும் இதே வரிசையில் வருகிறார்கள். அந்தக் கம்பிக்குப் பன்றி என்றும் யானை என்றும் விறகு பொறுக்கப் போன மனிதர் என்றும் தெரியாது.

ஆகவே நம் வீட்டுக்குள் வரும் மின்சாரம் ஓர் அமானிதம். நம் கையில் இருக்கிறது, ஆனால் நமக்கு மட்டும் உரியதாக இல்லை. அமானிதத்தைப் பொறுப்பெடுத்தவர் கணக்குக் காட்ட வேண்டும். வயரிங்கில் அந்தக் கணக்கின் பெயர் சோதனை.

மூன்றாவது கேள்வி, கரண்ட் என்ன சொல்கிறது என்பது. இது ஆலங்குடாவுக்கென்றே உள்ள விஷயம். கொழும்பிலே களிமண்ணில் செய்த வயரிங்கை இங்கே அப்படியே செய்தால் போதாது. நம் எதிரிகள் இரண்டு: காய்ந்த மணல், உப்புக் காற்று.

ஏர்த் எதற்கு? மோட்டரின் இரும்பு உடலிலோ குளிர்சாதனப் பெட்டியின் உடலிலோ உயிர்க்கம்பி தொட்டுவிட்டால், அந்தக் கரண்ட் உங்கள் உடம்பைத் தேடாமல் மண்ணுக்குப் போய்விட வேண்டும். அதற்காக ஒரு கோலை மண்ணில் இறக்குகிறோம். ஈரமான மண் கரண்டை எளிதாக வாங்கும். காய்ந்த மணல் வாங்காது. வெயில் காலத்தில் குட்டைக் கோல் ஒன்றின் தடை இங்கே பல நூறு ஓமுக்குப் போகலாம். குறைத்தே கணக்குப் போடுவோம், 200 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை 200ஆல் வகுத்தால் 1.15 ஆம்பியர். உங்கள் மோட்டருக்குப் போட்ட பிரேக்கர் 16 ஆம்பியர். 1.15 ஆம்பியர் அதற்குப் பொருட்டே இல்லை. அது விழாது. மோட்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் இரும்பு உடலில் ஏறத்தாழ முழு வோல்ட்டும் நிற்கும். நனைந்த கையோடு வெறுங்காலில் நிற்கும் மனிதரின் உடம்புத் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது அவர் உடம்பில் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். அதில் சிறு பங்கே இதயத்தைக் குழப்பி நிறுத்தப் போதும். ஏர்த் வயர் இருக்கிறது, பிரேக்கர் இருக்கிறது, ஆள் இல்லாமல் போகிறார்.

இங்கேதான் ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றுகிறது. போகும் கரண்டையும் திரும்பி வரும் கரண்டையும் அது ஒவ்வொரு கணமும் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ மண்ணுக்கோ மனிதருக்கோ கசிகிறது என்று அறிந்து, ஒரு வினாடியின் பத்தில் மூன்று பங்குக்குள் வெட்டிவிடுகிறது. 1.15 ஆம்பியர் கசிவை அது விடவே விடாது. மணல் ஊருக்கு ட்ரிப் சுவிட்சைவிடப் பெரிய காவல் கிடையாது. ஆகவே அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேரே இணைத்துக் கொடுக்கும் வேலையை யார் செய்தாலும், காசுக்குச் செய்தாலும் அன்புக்குச் செய்தாலும், அவர் உங்கள் வீட்டுக் காவலாளியைக் கொன்றுவிட்டுப் போகிறார். அது விழுவதே ஒரு செய்தி. எங்கே கசிகிறது என்று தேடச் சொல்கிறது.

உப்புக் காற்றின் வேலை மெதுவானது. செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பிடிக்கும், திருகாணி துருவேறித் தளரும், தளர்ந்த இடம் சூடாகும், சூடான இடத்தில் காப்பு உருகும். கடற்கரை வீட்டில் வெளியே இருக்கும் சொக்கெட்டும் மோட்டர் சுவிட்சும் கடலுக்குத் தள்ளியுள்ள ஊர்களில் இருப்பவற்றைவிட விரைவில் கெடும். எஸ்.எல்.எஸ். தரச் சின்னம் உள்ள வயரையும் சொக்கெட்டையும் வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். இலங்கையில் பல தலைமுறையாக உருண்டை முள் பிளக்குகள் இருந்தன. 13 ஆம்பியர் சதுர முள் பிளக்கே நாட்டின் தரம் என்று ஆக்கி, 2018இலிருந்து பழைய 5 ஆம்பியர், 15 ஆம்பியர் வகைகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனையை நிறுத்த ஒழுங்குவிதி வந்தது. பழையதும் புதியதும் இன்றும் நம் வீடுகளில் கலந்து கிடக்கின்றன. சதுரச் சொக்கெட்டின் மேல் துளையில் பேனை மூடியையோ ஈர்க்குக் குச்சியையோ செருகி, கீழ்த் துளைகளை மறைக்கும் தடுப்பைத் திறந்து, இரண்டு முள் பிளக்கை உள்ளே தள்ளுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குழந்தையின் விரலைக் காக்க வைத்த கதவு அது. நாளைக்கு அந்தக் குழந்தை குச்சிக்குப் பதில் ஆணியை எடுக்கும்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். என் முடிவை மூன்று வட்டமாகச் சொல்கிறேன்.

முதல் வட்டம், ஒவ்வொரு வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் தெரிந்து செய்ய வேண்டியவை. மெயின் சுவிட்சை நிறுத்தத் தெரிய வேண்டும். பல்ப் மாற்ற, பிளக்குக்குச் சரியான நிறத்தில் வயர் பூட்டத் தெரிய வேண்டும். பழைய வீடுகளில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நியூட்ரல். புதியவற்றில் மண்ணிறம் உயிர்க்கம்பி, நீலம் நியூட்ரல். ஏர்த் பச்சை, அல்லது பச்சையும் மஞ்சளும் கலந்தது. இரண்டு முறையும் ஒரே வீட்டில் இருந்தால் சந்தேகமே பாதுகாப்பு. நிறத்தை நம்பாமல் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவது வட்டம், கைத்திறன் உள்ளவர் தன் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லும் வேலைகள்: சுவர் வெட்டுவது, பைப் பதிப்பது, பெட்டி பொருத்துவது, வயர் இழுப்பது. கூலியில் பெரும்பங்கு இந்த உடல் உழைப்புக்குத்தான் போகிறது. ஏழை மிச்சம் பிடிக்க வேண்டிய இடமும் இதுதான். ஆனால் தொடங்குமுன் தகுதியுள்ள ஒருவரிடம் திட்டத்தைக் காட்டுங்கள். பூசுமுன் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் ஏற்றுமுன் கருவி வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வட்டம், தொடக்கூடாதவை. மீற்றர், அதன் முத்திரை, சேவிஸ் வயர் ஆகியவற்றைத் தொடுவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. மெயின் பெட்டிக்குள் இணைப்பது, ஜெனரேட்டரையோ கூரைச் சூரியத் தகட்டையோ வீட்டு வயரிங்கோடு சேர்ப்பது, கிணற்று மோட்டரின் இணைப்பு, இன்னொரு வளவுக்கு வயர் நீட்டுவது ஆகியவையும் இந்த வட்டத்துக்குள் வருகின்றன.

சோதனை, சோதனை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயரிங் செய்யக் கை போதும், சோதிக்கக் கருவி வேண்டும். ஏர்த் வயர் ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் அறுபடாமல் போகிறதா, உயிர்க்கம்பியைத்தான் சுவிட்ச் வெட்டுகிறதா, 500 வோல்ட் மெகர் வைத்தால் வயர்க் காப்பு ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் காட்டுகிறதா, ஏர்த் கோலின் தடை எவ்வளவு, ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லி வினாடியில் விழுகிறது என்ற ஐந்தையும் கண்ணால் அறிய முடியாது. ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தான்கூட ஏர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஏர்த் கோலைப் பிடுங்கி எறிந்துவிட்டு அழுத்தினாலும் அது விழும். என் வாப்பாவின் பிழை இரண்டாவது சோதனையில் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

படித்தவருக்குச் சோதனை தேவையில்லை என்றும் எண்ணாதீர்கள். 2020 ஒகஸ்ட் 17ஆம் திகதி கெரவலப்பிட்டி உபமின்நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த ஒரு பிழையால் நாடே இருண்டது. நம் நுரைச்சோலையும் நின்றது. பயிற்சி பெற்ற கைகளுக்கும் இரண்டாவது கண் வேண்டும். கூலிக்கு வரும் வயரிங் பாஸுக்கும் வேண்டும், தன் வீட்டைத் தானே செய்யும் தம்பிக்கும் வேண்டும்.

சட்டம் இயற்றுவோரிடமும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடமும் நாம் கேட்க வேண்டியது இதுவே. மின்தொழிலாளருக்கு உரிமம் கொடுக்கும் முயற்சியை ஆணைக்குழு முன்னெடுத்து வருகிறது, அது நல்லது. அதோடு வீட்டுக்காரரின் உரிமையையும் கடமையையும் தெளிவாக எழுதுங்கள். சோதிப்பவர் வீட்டுக்குள் வராமல் அறிக்கை செல்லாது என்று ஆக்குங்கள். ஏழை வீட்டுக்கு அந்தச் சோதனை எட்டும் விலையில் கிடைக்க வழி செய்யுங்கள். சோதனை எட்டாத இடத்தில் உரிமையும் தடையும் ஒன்றுதான், இரண்டும் ஏழையைக் காப்பாற்றாது.

சட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிவாசல் நிர்வாகமும் கோயிலும் தேவாலயமும் மீனவர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்தால், வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன், கருவியோடு ஒருவரை அழைத்து ஒழுங்கை ஒழுங்கையாக வீடுகளைச் சோதிக்க முடியும். ஒரு வீடு தனியே கொடுக்க முடியாத காசை நாற்பது வீடு சேர்ந்து கொடுக்கலாம். பல வருடமாக இந்த வேலை செய்யும் நம் இளைஞர்கள், பள்ளிக்கூடச் சான்று இல்லாவிட்டாலும், கைத்தேர்ச்சியைக் காட்டித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அவர்களை அனுப்புங்கள். ஊரில் பத்துப் பேருக்குச் சான்றும் ஒரு நல்ல மெகரும் இருந்தால், என்னைப் போன்றவர் வந்து பேச வேண்டிய தேவையே இராது.

தம்பி, நீங்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுச் சுவரை வெட்டுங்கள், பைப்பைப் பதியுங்கள், வயரை இழுங்கள். அந்த உழைப்பு உங்களுக்கு உரியது. பெட்டியில் இணைப்பதையும் கரண்ட் ஏற்றுவதையும் மட்டும், கருவியோடு வந்து ஐந்து சோதனையையும் உங்கள் கண்முன் செய்யும் ஒருவரிடம் விட்டுவிடுங்கள். கூப்பிட ஆள் இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் கூலி வாங்க மாட்டேன்.

மற்ற எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் மெயின் பெட்டியைத் திறந்து, ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். விழுந்தால் மாதம் ஒருமுறை அப்படியே அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால், அல்லது ட்ரிப் சுவிட்சே இல்லாவிட்டால், நாளைக் காலை முதல் வேலையாக அதை மாற்றவோ பொருத்தவோ ஆள் பிடியுங்கள். அதுவரை நனைந்த கையோடு மோட்டரைத் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.